பெட்டி வடிவாத்தான் இருந்தது: மருந்து, பிளொக்செயின், எங்கட காசு

(லண்டனில் நடந்த எமது மாதாந்தக் கலந்துரையாடலில் ஒரு தோழர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். பேச்சு நடையைப் பெரிதாக மாற்றவில்லை.)



முதலிலேயே ஒண்டைச் சொல்லிவிடுறன். நான் மேடைப் பேச்சாளர் இல்லை. பதினெட்டு வருசமாக இந்த நாட்டில் பார்மசிஸ்டாக வேலை செய்கிறேன். அதற்கு முந்தி, படிக்கிற காலத்தில், ஒரு மருந்து மொத்த வியாபாரக் களஞ்சியத்தில் இரண்டு வருசம் இரவு வேலை. மருந்துப் பெட்டியை இரண்டு பக்கத்தில் இருந்தும் பார்த்திருக்கிறேன் எண்டதுதான் என்னுடைய தகுதி.

இன்று நான் ஏன் கதைக்கிறேன் என்பது உங்களுக்குத் தெரியும். எங்கட தோழர்கள் இரண்டு பேர் ஒரு திட்டம் வைத்திருக்கினம். வடக்கில் உள்ள ஆஸ்பத்திரிகளுக்கு நாங்கள் அனுப்புகிற மருந்தை, இங்கே வாங்கிய இடத்தில் இருந்து அங்கே நோயாளியின் கை வரைக்கும் பிளொக்செயினில் பதிவு செய்கிற ஒரு அப். காசு கொடுத்தவர் போனைத் திறந்து, தன்னுடைய மருந்து எங்கே நிக்குது எண்டு பார்க்கலாம். களவு போகாது, போலி கலக்காது, யாரும் கணக்கை மாத்த ஏலாது. இரண்டு வருசமாகச் சேர்த்த காசில் பெரும் பகுதியை இதற்குப் போடலாமா எண்டு அடுத்த மாதம் வாக்கெடுப்பு.

திட்டத்தை எழுதின தம்பியும் தங்கச்சியும் முன் வரிசையில் இருக்கினம். நல்லா உழைத்து எழுதியிருக்கினம். நான் அதற்கு எதிராக வாக்களிக்கப் போறன். ஏன் எண்டு சொல்லத்தான் வந்தனான். ஆனால் அதற்கு முதல் ஒரு கதை சொல்ல வேணும். இதை நான் இந்த அறையில் ஒருத்தருக்கும் சொன்னதில்லை.

2022. இலங்கையில் டொலர் இல்லை, எரிபொருள் இல்லை, மருந்து இல்லை. அம்மா முல்லைத்தீவுப் பக்கம் இருக்கிறா. இருபது வருசமாக நீரிழிவு. ஆஸ்பத்திரியில் இன்சுலின் வரும் வராது எண்ட நிலை. நான் இங்கே பார்மசிஸ்ட். மகள் பார்மசிஸ்டாக இருக்க அம்மாவுக்கு இன்சுலின் இல்லையா? முறைப்படி வாங்கி, ஊருக்குப் போகிற தெரிந்த ஒருவரிடம் ஒரு தேர்மோஸ் பிளாஸ்கில் ஐஸ் பைக்கற்றோடு வைத்துக் கொடுத்து விட்டேன். "கையோடை கொண்டு போங்கோ, சூட்கேசுக்குள்ள போடாதேங்கோ" எண்டு மூன்று தரம் சொன்னேன். கொழும்பில் இரண்டு நாள் நின்று, பஸ் இல்லாமல் அலைந்து, ஒரு கிழமை கழித்து மருந்து அம்மாவிடம் போய்ச் சேர்ந்தது.

அம்மா ஒழுங்காகப் போட்டுக்கொண்டா. சீனி இறங்கவில்லை. முந்நூறு, பிறகு நானூறு. சாப்பாட்டில்தான் பிழை எண்டு நான் போனில் ஏசினேன். காலில் ஏற்கெனவே இருந்த ஒரு சின்னப் புண் பெருத்தது. கடைசியில் ஆஸ்பத்திரியில் இரண்டு விரல் எடுத்தார்கள்.

திறக்காத இன்சுலின் 2 முதல் 8 பாகை செல்சியசுக்குள் இருக்க வேண்டும். சூட்டில் கிடந்தாலும் பழுதாகும், ஐஸில் ஒட்டி உறைந்தாலும் பழுதாகும். அந்த ஒரு கிழமையில் இரண்டில் எது நடந்தது எண்டு எனக்கு இண்டைக்கும் தெரியாது. கொண்டு போனவரில் பிழை இல்லை. அனுப்பினது நான். தெரிந்திருக்க வேண்டியதும் நான்தான். அம்மாவிடம் கேட்டேன், "மருந்து பார்க்க எப்பிடி இருந்தது?" அம்மா சொன்னா: "பெட்டி வடிவாத்தான் இருந்தது பிள்ளை."

இந்த வசனத்தைக் கொஞ்சம் நினைவில் வைத்திருங்கோ.

இனி பிளொக்செயின். இதைப் பற்றித் தெரியாத ஆக்களும் இருக்கிறீங்கள். சீட்டுக் கட்டுறது எல்லாருக்கும் தெரியும்தானே? இருபது பேர் மாதாமாதம் காசு போடுறம். கணக்குக் கொப்பி சீட்டுப் பிடிக்கிற அக்காவிடம் இருக்கு. அக்கா நல்லவ எண்டால் பிரச்சினை இல்லை. அக்கா கொப்பியில் ஒரு பக்கத்தைக் கிழித்தால்? அல்லது கொப்பியோடு கனடாவுக்குப் போய்விட்டால்? அதனால் இருபது பேரும் ஆளுக்கொரு கொப்பி வைத்திருப்பம். ஒவ்வொரு மாதமும் எல்லாரும் ஒரே வரியை எழுதுவம். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் முந்திய பக்கத்தில் இருந்து கணக்கிட்ட ஒரு இலக்கத்தைப் போடுவம். பழைய பக்கத்தில் ஒரு எழுத்தை மாற்றினாலும் அடுத்த பக்கங்களின் இலக்கங்கள் எல்லாம் பிழைத்துப் போகும். மாற்றினவரின் கொப்பி மற்றப் பத்தொன்பது கொப்பியோடும் பொருந்தாது. சாரம் இவ்வளவுதான்.

மருந்து வியாபாரத்துக்கு இது ஏன் கவர்ச்சியாக இருக்கிறது? ஒரு குளிசை உங்கட கைக்கு வர முதல் மூலப்பொருள் செய்கிறவர், உற்பத்தியாளர், பொதி செய்கிறவர், ஏற்றுமதி இறக்குமதிக்காரர், மொத்த வியாபாரி, சில வேளை இன்னொரு மொத்த வியாபாரி, பிறகுதான் நாங்கள். ஒருவரை ஒருவர் நம்பாத போட்டியாளர்கள். எல்லாருக்கும் பொதுவான ஒரு கொப்பி தேவை, ஆனால் அதை ஒருவர் கையில் கொடுக்க மற்றவருக்கு விருப்பமில்லை. அதற்கு இந்தத் தொழில்நுட்பம் ஒரு விடை.

அது வெறும் கற்பனைப் பிரச்சினையும் இல்லை. 2022 ஜனவரியில் கிலியட் நிறுவனம் ஒரு செய்தியை வெளியிட்டது. இரண்டு வருசத்தில் அதன் எச்.ஐ.வி. மருந்துகளின் பெயரில் 85,000-க்கு மேற்பட்ட போலிப் போத்தல்கள் அமெரிக்க விநியோகத்துக்குள் போயிருந்தன. சில போத்தல்கள் அசல், உள்ளே இருந்தது வேறு மருந்து. கூட வந்த கைமாற்று ஆவணங்கள் பொய்யானவை. எச்.ஐ.வி.க்கு மருந்து எடுக்கிற ஒருவர் போத்தலைத் திறந்தால் வேறு குளிசை. இந்த மாதிரி இடத்தில், "இந்த இலக்கப் போத்தலை நான் இன்னாருக்கு விற்றேன்" எண்டு உற்பத்தியாளரே எழுதின, பிறகு மாற்ற ஏலாத பதிவு இருந்தால் போலி ஆவணம் எடுபடாது. அதை நான் ஒத்துக்கொள்கிறேன்.

எங்கட நாட்டிலேயே இன்னொரு உதாரணம். 2021-ல் இலங்கையின் தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையின் தரவுகள் அரச சேர்வரில் இருந்து அழிந்துபோயின. எந்த மருந்து பதிவு செய்யப்பட்டது, யார் விண்ணப்பித்தது என்கிற கோப்புகள். குற்றப் புலனாய்வு விசாரணை வரைக்கும் போனது. அது இருபது கொப்பியில் இருந்திருந்தால் ஒரு சேர்வரோடு அழிந்திருக்காது. ஆனால் அதே இடத்தில் ஒண்டைக் கேளுங்கோ: பிளொக்செயின் இல்லாமல், மூன்று இடத்தில் ஒழுங்கான பிரதி இருந்திருந்தாலும் அழிந்திருக்காது. அந்தச் சாதாரண வேலையைச் செய்யாத நிர்வாகம் கடினமான வேலையைச் செய்யுமா?

உலகத்தில் உண்மையில் என்ன ஓடுது எண்டு பாருங்கோ. ஐரோப்பிய ஒன்றியம் போலி மருந்துக்கு எதிரான சட்டத்தை 2011-ல் கொண்டுவந்தது. 2019 பெப்ரவரி 9 முதல் மருந்துச்சீட்டில் கொடுக்கிற அநேகமான பெட்டிகளில் தனித்தனி இலக்கம், சதுரக் கோடு, திறந்தால் தெரிகிற முத்திரை. உற்பத்தியாளர் இலக்கத்தை ஏற்றுவார், நாங்கள் கொடுக்கும்போது ஸ்கான் பண்ணி அதை மூடுவம். நானும் ஸ்கான் பண்ணினேன், 2020 கடைசியில் பிரெக்சிற்றோடு இங்கே அது நிற்கும் வரைக்கும். அது பிளொக்செயின் இல்லை. சாதாரணத் தரவுத்தளம், நடுவில் ஒரு மையம். ஐரோப்பாவில் இண்டைக்கும் ஓடுது.

அமெரிக்காவில் 2013-ல் சட்டம் வந்தது. பத்து வருச அவகாசம், பிறகு இன்னும் நீட்டிப்பு. நடுவில் 2017-ல் மெடிலெட்ஜர் எண்ட பிளொக்செயின் திட்டத்தில் ஃபைசர், மக்கெசன் போன்ற பெரிய ஆக்கள் சேர்ந்தார்கள். ஐ.பி.எம்., வோல்மார்ட், மேர்க், கே.பி.எம்.ஜி. சேர்ந்து வேறொரு பரிசோதனை செய்தார்கள். செய்ய முடியும் என்று காட்டினார்கள். ஆனால் சட்டம் கேட்டது பிளொக்செயினை இல்லை. ஒரே மாதிரியான இலத்திரனியல் தரவு வடிவத்தைத்தான்.

கப்பல் துறையில் நடந்ததும் பாடம். மேர்ஸ்க்கும் ஐ.பி.எம்.மும் 2018-ல் டிரேட்லென்ஸ் எண்ட பிளொக்செயின் தளத்தைத் தொடங்கினார்கள். உலகத்து கொண்டெய்னர்கள் எல்லாம் அதில் ஓடும் எண்டார்கள். 2022 நவம்பரில் மூடுவதாக அறிவித்தார்கள். தொழில்துறை முழுவதும் எதிர்பார்த்த மாதிரி ஒத்துழைக்கவில்லை எண்டதுதான் அவர்கள் சொன்ன காரணம். தொழில்நுட்பம் வேலை செய்தது. போட்டி முதலாளி வைத்திருக்கிற கொப்பியில் எழுத மற்ற முதலாளிக்கு மனம் வரவில்லை. நம்பிக்கை தேவையில்லை எண்டு விற்கப்பட்ட பொருள் நம்பிக்கை இல்லாமல் செத்துப் போச்சு.

சரி, இது எல்லாம் செலவு, நிர்வாகம் பற்றின கதை. என்னுடைய உண்மையான எதிர்ப்பு வேறை.

மருந்து இரண்டு விதமாகக் கெடும். ஒன்று போலி: வேண்டுமென்றே ஏமாற்றுவது. மற்றது தரக்குறைவு: அசல் கொம்பனி, அசல் லைசன்ஸ், அசல் லேபல், உள்ளே பழுது. குறைந்த, நடுத்தர வருமான நாடுகளில் பத்தில் ஒரு மருத்துவப் பொருள் இந்த இரண்டில் ஏதோ ஒன்று எண்டு உலக சுகாதார நிறுவனம் 2017-ல் மதிப்பிட்டது. பிளொக்செயின் முதலாவதோடு மட்டும்தான் சண்டை பிடிக்கும். இரண்டாவதை அது பார்க்கவே பார்க்காது.

டைஎதிலீன் கிளைக்கோல் எண்டு ஒரு பொருள். தொழிற்சாலைக் கரைப்பான். இனிப்பாக இருக்கும், மலிவு. பாணி மருந்தில் போட வேண்டிய கிளிசரினுக்கோ புரொப்பிலீன் கிளைக்கோலுக்கோ பதிலாக, அல்லது அதோடு கலந்து, இது உள்ளே வந்துவிடும். சிறுநீரகத்தைக் கொல்லும். 1937-ல் அமெரிக்காவில் ஒரு சல்பா மருந்தில் வந்து நூறுக்கு மேற்பட்ட ஆக்கள் செத்தார்கள். அதற்குப் பிறகுதான் அங்கே 1938-ன் மருந்துச் சட்டம் வந்தது. 1972-ல் சென்னையில் பிள்ளைகள் செத்தார்கள். 2022-ல் காம்பியாவில் ஏறக்குறைய 70 பிள்ளைகள். உலக சுகாதார நிறுவனம் எச்சரித்த நான்கு பாணிகளும் ஹரியானாவில் செய்தவை. அதே வருசம் இந்தோனேசியாவிலும் உஸ்பெகிஸ்தானிலும்.

பிறகு 2025 ஒக்ரோபர். மத்தியப் பிரதேசத்தில் சிந்த்வாரா மாவட்டம். இருமல் பாணி குடித்து இருபதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் செத்தார்கள். அந்தப் பாணி கோல்ட்ரிஃப், செய்தது எங்கட காஞ்சிபுரத்தில். தமிழ்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை மாதிரியைப் பரிசோதித்தபோது 48.6 சதவீதம் இந்த நஞ்சு. அரைவாசி, தோழர்களே. தொழிற்சாலையில் 300-க்கு மேற்பட்ட விதிமீறல்களை எழுதினார்கள்.

இப்ப யோசியுங்கோ. அந்தப் போத்தலுக்குப் பிளொக்செயின் இருந்திருந்தால்? காஞ்சிபுரத்தில் ஸ்கான் பண்ணியிருப்பார்கள்: சரி. மொத்த வியாபாரி ஸ்கான் பண்ணியிருப்பார்: சரி. சிந்த்வாராவில் மருந்துக்கடைக்காரர் ஸ்கான் பண்ணியிருப்பார்: சரி. தாய் போனைத் திறந்து பார்த்திருப்பா: அசல் மருந்து, பச்சைச் சரி அடையாளம். பிறகு அந்தத் தாய் கரண்டியில் ஊற்றியிருப்பா. யாரும் அழிக்க முடியாத பதிவாக அந்தப் பச்சை அடையாளம் எல்லாக் கொப்பியிலும் இருந்திருக்கும்.

எங்கே இருந்து வந்தது எண்டு தேடவும் சங்கிலி தேவைப்படவில்லை. மத்தியப் பிரதேசம் கடிதம் எழுத, தமிழ்நாடு ஓரிரு நாளில் தொழிற்சாலைக்குள் போய் மாதிரி எடுத்து விடை சொன்னது. இல்லாமல் போனது சந்தைக்கு விட முதல் செய்ய வேண்டிய பரிசோதனை. காம்பியாவுக்குப் பிறகு இந்திய அரசு 2023 ஜூன் 1 முதல் ஏற்றுமதியாகிற இருமல் பாணிக்கு அரச ஆய்வுகூடச் சான்றிதழ் கட்டாயம் எண்டது. ஏற்றுமதிக்கு. சிந்த்வாராவில் உள்ள பிள்ளை ஏற்றுமதி இல்லை.

இதோடு 2023-ன் அமெரிக்கக் கண் சொட்டு மருந்தையும் சேருங்கோ. செய்தது சென்னைக்குப் பக்கத்தில் உள்ள ஒரு ஆலை. கிருமித் தொற்றுப் பரவி நான்கு பேர் இறந்தார்கள், 14 பேருக்குப் பார்வை போனது. அதுவும் களவு மருந்து இல்லை. அசல் பெட்டி. பெட்டி வடிவாத்தான் இருந்தது.

இரண்டாவது எதிர்ப்பு அரசியல். இதை இந்த அறையில் கதைக்காமல் வேறு எங்கே கதைக்கிறது?

பிளொக்செயின் விற்கிற ஆக்கள் ஒரு சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லுவினம்: வெளிப்படைத்தன்மை. மருந்து போகாததற்குக் காரணம், அது எங்கே நிக்குது எண்டு தெரியாததுதான் எண்ட மாதிரி. 2009-ல் வன்னியில் மருந்து இல்லாமல் போனதற்கு அதுவா காரணம்? ஐ.நா. செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு 2011-ல் அறிக்கை கொடுத்தது. இரண்டு தரப்பையும் குற்றம் சொன்ன அறிக்கை அது. அதில், உள்ளே இருந்த மக்களின் தொகையை அரசு குறைத்துச் சொன்னது, மருந்தையும் குறிப்பாகச் சத்திரசிகிச்சைப் பொருட்களையும் தடுத்தது எண்டு எழுதியிருக்கு. எத்தனை பேர் இருக்கினம், என்ன தேவை எண்டு உள்ளே இருந்த வைத்தியர்கள் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள். தெரியாமல் தடுபடவில்லை. தெரிந்துதான் தடுத்தார்கள்.

அப்படியிருக்க, எந்த ஆஸ்பத்திரியில் எந்த மருந்து எவ்வளவு இருக்கு, எந்த நோயாளிக்குப் போனது எண்ட பட்டியலை அழிக்க முடியாத கொப்பியில் எழுதுவம் எண்டு நாங்களே சொல்லுறம். அழிக்க முடியாதது எண்டால் எங்களாலும் அழிக்க முடியாது. நோயாளியின் கை வரைக்கும் எண்டு திட்டத்தில் இருக்கு. முல்லைத்தீவில் மனநோய்க்கு மருந்து எடுக்கிற ஒரு பிள்ளையின் பதிவை லண்டனில் இருக்கிற கொடையாளி ஏன் பார்க்க வேணும்? பெயரை மறைத்து இலக்கம் போடுவம் எண்டு எழுதியிருக்கிறீங்கள். சின்ன ஊரில் இலக்கம் ஆளைக் காட்டிக் கொடுக்கும், தங்கச்சி.

மூன்றாவது, வேலை செய்கிற ஆக்கள். களஞ்சியத்தில் என்னுடைய கையில் ஒரு ஸ்கானர் கட்டியிருந்தது. பெட்டி எங்கே நிக்குது எண்டு அது சொன்னது. அதோடு நான் எங்கே நிக்கிறன், ஒரு பெட்டிக்கும் அடுத்த பெட்டிக்கும் இடையில் எத்தனை செக்கன் எடுத்தன், கழிவறைக்கு எவ்வளவு நேரம் போனேன் எண்டதையும் சொன்னது. விடியப்புறம் மேற்பார்வையாளர் ஒரு பட்டியலோடு வருவார். எங்கட பேர் சிவப்பில் இருந்தால் அடுத்த கிழமை வேலை இல்லை. பெட்டியைப் பின்தொடர்கிற ஒவ்வொரு ஏற்பாடும் பெட்டியைத் தூக்குகிறவரையும் பின்தொடரும். எங்கட திட்டத்தில் ஒவ்வொரு கைமாற்றத்திலும் ஒருவர் ஸ்கான் பண்ண வேணும். அந்த ஒருவர் யார்? ஏற்கெனவே இரண்டு பேரின் வேலையை ஒருவராகச் செய்கிற அங்குள்ள தாதி, அல்லது மருந்துக் கலவையாளர். இலண்டன் கொடையாளியின் மன நிம்மதிக்காக அவவுக்கு இன்னொரு வேலை. அவவிடம் யாராவது கேட்டோமா?

எல்லாவற்றையும் வேண்டாம் எண்டு சொல்லிவிட்டுப் போறது லேசு. என்னதான் வேலை செய்தது எண்டும் சொல்ல வேணும்.

இலங்கையின் இடதுசாரி வரலாற்றில் ஒரு பெயர் உங்களுக்குத் தெரிந்திருக்க வேணும்: சேனக பிபிலே. மருந்தியல் பேராசிரியர். 1971-ல் கம்யூனிஸ்ட் தலைவர் எஸ்.ஏ. விக்கிரமசிங்கவோடு சேர்ந்து ஒரு அறிக்கை எழுதினார். அதன் வழியில் அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனம் வந்தது. அவர்தான் முதல் தலைவர். பிராண்ட் பெயர்க் குப்பையைக் குறைத்து, தேவையான மருந்துகளின் பட்டியலைப் போட்டு, பொதுப்பெயரில், உலகச் சந்தையில் விலை கேட்டு, நாடு முழுவதற்கும் ஒரே இடத்தில் வாங்கினார்கள். பன்னாட்டுக் கொம்பனிகள் கடுமையாக எதிர்த்தன. உலகத்தின் பல நாடுகள் பிறகு அந்த வழியைப் படித்தன. அவர் 1977-ல் கயானாவில் இறந்தார். கொப்பி ஒன்றும் விசேசமான கொப்பி இல்லை. வாங்குகிறவர் யாருக்காக வாங்கினார் எண்டதுதான் விசேசம்.

தமிழ்நாட்டில் 1994-ல் தொடங்கின தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம். அரச ஆஸ்பத்திரிகளுக்குத் திறந்த டெண்டரில் மருந்து வாங்கும். மாவட்டம்தோறும் கிடங்கு. ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் ஒரு பாஸ்புத்தகம், அதில் இவ்வளவுக்கு மருந்து எடுக்கலாம் எண்ட கணக்கு. முக்கியமானது இது: வந்த ஒவ்வொரு தொகுதியில் இருந்தும் மாதிரி எடுத்து, செய்தவர் பெயரை மறைத்துக் குறியீடு போட்டு ஆய்வுகூடத்துக்கு அனுப்புவார்கள். தேறினால்தான் கிடங்கை விட்டு வெளியே போகும். அங்கே குறையே இல்லை எண்டு நான் சொல்லவில்லை. ஆனால் கவனியுங்கோ: ஒரே மாநிலம். அரசு தன்னுடைய ஆஸ்பத்திரிக்கு வாங்குகிற மருந்தைத் திறந்து பார்த்தது. தனியார் சந்தைக்குப் போன காஞ்சிபுரத்துப் பாணியை முதலாளியின் சொல்லில் விட்டது. இந்த வித்தியாசத்தைப் பிளொக்செயின் உருவாக்கவும் இல்லை, நீக்கவும் மாட்டுது.

இலங்கையில் நெருக்கடிக் காலத்தில் பதிவு இல்லாத மருந்துகளையும் அவசரம் எண்டு விதிவிலக்குக் கொடுத்து வாங்கினார்கள். 2023-ல் நுவரெலியாவில் சத்திரசிகிச்சைக்குப் பிறகு போட்ட சொட்டு மருந்தால் கண் பாதிக்கப்பட்டவர்கள் இருக்கினம். தரமற்ற இம்யூனோகுளோபியூலின் வாங்கின விவகாரத்தில் முன்னாள் சுகாதார அமைச்சர் கெஹெலிய ரம்புக்வெல்ல 2024 பெப்ரவரியில் கைதானார். அங்கே ஆவணங்கள் போலி எண்டதுதான் குற்றச்சாட்டு. அதைப் பிடிக்கச் சங்கிலி வேண்டாம். உற்பத்தியாளருக்கு ஒரு போன் எடுத்தால் போதும். போன் எடுக்க வேண்டியவர் எடுக்காமல் இருந்ததற்குக் காரணம் தொழில்நுட்பக் குறைபாடு இல்லை.

எனவே என்னுடைய மாற்று முன்மொழிவு. நாலே நாலு விசயம்.

ஒண்டு. நாங்கள் நினைக்கிற மருந்தை அனுப்புறதை நிப்பாட்டுவம். அங்குள்ள ஆஸ்பத்திரி மருந்தாளர்கள் கேட்கிற பட்டியல்தான் பட்டியல். அவர்கள் உள்ளூரில் வாங்க ஏலும் எண்டால் காசாக அனுப்புவம்.

இரண்டு. குளிரில் வைக்க வேண்டிய எதையும் ஆட்களின் கையில் கொடுத்து அனுப்பக் கூடாது. அனுப்பியே ஆக வேணும் எண்டால், முறையான அனுமதியோடு, குளிர்ப் பெட்டியில், வெப்பநிலையைப் பதிகிற கருவியோடு. 1996-ல் இருந்து போலியோச் சொட்டுமருந்துக் குப்பியில் ஒரு சின்ன ஸ்ரிக்கர் ஒட்டுகிறார்கள். சூடு பட்டால் நடுவில் உள்ள சதுரம் கறுக்கும். கறுத்தால் எறிய வேணும். படிக்கத் தெரியாதவருக்கும் விளங்கும். அது பெட்டியைப் பற்றிச் சொல்லவில்லை, உள்ளே இருக்கிறது பட்ட சூட்டைப் பற்றிச் சொல்லுது. எங்களுக்குத் தேவையான தொழில்நுட்பம் அந்தப் பக்கத்தில்தான் இருக்கு.

மூன்று. எங்கட கணக்கு. ஒவ்வொரு மூன்று மாதமும் வாங்கினது, அனுப்பினது, கிடைத்தது மூன்றையும் இந்தச் செய்திமடலிலேயே போடுவம். ஐந்நூறு பேரின் மின்னஞ்சலுக்குப் போன கணக்கை யார் பிறகு மாற்ற ஏலும்? ஐந்நூறு கொப்பி. சீட்டுக் கதைதான்.

நாலு. மிச்சக் காசையும் எங்கட குரலையும் பரிசோதனைக்குப் போடுவம். விதிவிலக்கில் வாங்கின மருந்துகளின் பட்டியலையும் ஆய்வுகூட முடிவுகளையும் வெளியிடு எண்டு கேட்கிற ஆக்கள் தெற்கிலும் இருக்கினம், வடக்கிலும் இருக்கினம். மருத்துவத் துறைத் தொழிற்சங்கங்கள் இருக்கு. அவையோடு சேர்ந்து நிக்கிறது அப் செய்யிறதை விடக் கஷ்டம். படம் பிடித்துப் போட ஏலாது. ஆனால் நுவரெலியாவில் கண் போன சிங்களத் தாய்க்கும் முல்லைத்தீவில் விரல் போன தமிழ்த் தாய்க்கும் ஒரே கோரிக்கைதான் இருக்கு எண்டு நான் நம்புறன்.

தம்பி, தங்கச்சி, உங்கட உழைப்பு வீண் எண்டு நான் சொல்லவில்லை. கணினி தெரிந்த உங்களை மாதிரி ஆக்கள் இல்லாமல் மூன்றாவது விசயத்தைக் கூட ஒழுங்காகச் செய்ய ஏலாது. மருந்தாளர் கேட்கிற பட்டியலை வாங்கி ஒழுங்குபடுத்துகிற ஒரு சாதாரணப் படிவத்தைச் செய்து தாங்கோ. அவவிடம் கேட்டுச் செய்யுங்கோ. பெயர் இல்லாத வேலை. அது போதும்.

அம்மா இப்ப சுகமா இருக்கிறா. உள்ளூரில் இன்சுலின் கிடைக்குது, சீனி கட்டுப்பாட்டில். போன மாதம் போனில் கதைக்கேக்க, இந்தக் கூட்டத்தைப் பற்றிச் சொன்னேன். மருந்து எங்கே நிக்குது எண்டு போனிலேயே பார்க்கலாமாம் எண்டேன். அம்மா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுக் கேட்டா: "உள்ளுக்கை இருக்கிறது நல்லதோ எண்டு பார்க்க ஏலுமோ?"

நான் இல்லை எண்டேன்.

 இனி நீங்கள் கதையுங்கோ. முதல் வரிசையில் இருந்து தொடங்குவம்.